குளிர்காலப் பூக்களில் பட்டாம்பூச்சிகள்: எப்போது வரும், எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: குளிர் கடுமையாக இல்லாத இடத்தில் வீட்டைச் சுற்றிப் பூச்செடிகள் இருக்கின்றன, சில நாட்களில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கின்றன, சில நாட்களில் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை, விடியற்காலையில் எழுந்து காத்திருந்தாலும் பலன் இல்லை. இதற்கு ஏதாவது கணக்கு உண்டா, பார்ப்பதற்கு முறை உண்டா? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: ஒரு நாள் காலையில் இலைமேல் அசையாமல் இருந்த ஒரு பட்டாம்பூச்சியை இறந்துவிட்டது என்று நினைத்து எடுத்தபோது அது கையில் காலை அசைத்தது, அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?

கணக்கு உண்டு. ஆனால் அதைப் பூவில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி வெயிலில் இருக்கிறது. பட்டாம்பூச்சி நம்மைப்போல் உள்ளிருந்தே உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் உயிர் அல்ல. அதன் பறக்கும் தசைகள் மார்புப் பகுதியில் இருக்கின்றன. அவை வலுவாக இயங்க வேண்டுமானால், பெரும்பாலான இனங்களில், மார்பின் வெப்பம் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸுக்கும் 38 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். காற்றின் வெப்பம் 18 டிகிரியாக இருக்கும் காலைப்பொழுதில், குறைகிற பத்துப் பன்னிரண்டு டிகிரியை அது வெயிலிடம் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். கோடையில் காற்றே கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சூடாக இருப்பதால் இந்தக் கடன் நம் கண்ணில் படுவதில்லை. எங்கிருந்தோ வருகிறது, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. மிதமான குளிர்காலத்தில் அதே பட்டாம்பூச்சி ஒவ்வொரு வேலையையும் நிறுத்தி நிதானமாகச் செய்கிறது. பட்டாம்பூச்சியைப் பார்க்கப் பழகுவதற்கு மற்ற எந்தப் பருவத்தையும்விடக் குளிர்காலமே ஏற்றது என்று நான் சொல்லிவருவதற்குக் காரணம் இதுதான். எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றையும் பார்க்கக் கிடைக்கும் நேரம் கூடும்.

விடியற்காலையில் நீங்கள் ஏமாந்ததற்கும் இதுவே விடை. பூவுக்கு வருவது பட்டாம்பூச்சியின் நாளில் இரண்டாவது, மூன்றாவது வேலைதான். முதல் வேலை வெயில் காய்வது. ஆகவே காலையில் பூவருகே நிற்காமல், முதல் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே போய் நிற்க வேண்டும்: கிழக்கு பார்த்த வேலியோரம், காற்று படாத சுவரடி, காய்ந்த புல், வெயிலில் சீக்கிரம் சூடாகும் கல். காய்வதிலும் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறுபடும். வரியன்களும் (ஆங்கிலத்தில் டைகர்) வசீகரன்களும் (பேன்சி) இறக்கைகளை விரித்து முதுகை வெயிலுக்குக் காட்டும். மஞ்சள் நிறச் சிறு பட்டாம்பூச்சிகள் பல இறக்கைகளை மேலே மூடிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கவாட்டை வெயிலுக்கு நேராகத் திருப்பும். காற்றில் சாய்ந்த காகிதத் துண்டுபோல் தோன்றும் அந்தக் கோணம் தற்செயலானது அல்ல, வெயில் மறைந்து மறுபடி விழுந்தால் அது மீண்டும் அதே கோணத்தைத் தேடிச் சாய்வதைக் காணலாம். வெள்ளை நிறத்தவை இறக்கைகளைப் பாதி திறந்து, மேல்நோக்கிய கூம்புபோல் வைத்துக்கொள்ளும். முட்டைக்கோஸ் வெள்ளையன் எனப்படும் வகையை வைத்து இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இறக்கைகளை ஏறத்தாழ 17 டிகிரி கோணத்தில் வைத்தபோது, தட்டையாக விரித்து வைத்ததைவிட ஏழு டிகிரிக்கு மேல் சூடு கூடியது தெரிந்தது. வெள்ளைச் செதில்கள் ஒளியை நடுவில் இருக்கும் உடலை நோக்கித் திருப்பிவிடுகின்றன. சூரிய மின்தகட்டுக்கு இந்த உபாயத்தைப் பயன்படுத்தலாமா என்பதுதான் அவர்கள் தேடிய கேள்வி என்பது வேறு விஷயம்.

இறக்கை என்றால் காய்ந்த சருகு போன்ற உயிரற்ற தகடு என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் நரம்புகளில் உயிருள்ள திசு ஓடுகிறது. சூடு அளவு மீறினால் அதை உணரும் புலன்களும் இறக்கையிலேயே உண்டு. கொலம்பியா, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2020-ல் காட்டியபடி, இறக்கையில் ஒரு சிறு புள்ளியில் ஒளிக்கற்றையால் சூடேற்றினால் பட்டாம்பூச்சி உடனே திரும்பியோ இறக்கையை மூடியோ அதைத் தவிர்க்கிறது. எனவே வெயில் காய்கிற பட்டாம்பூச்சி சும்மா கிடக்கவில்லை. சூட்டை அளந்துகொண்டே கிடக்கிறது. போதிய சூடு வந்ததும் விரித்த இறக்கையை அது மூடிவிடும். குளிர்காலத்தில் இந்த மூடும் கணத்தைக் கவனித்திருப்பவருக்கு, அடுத்துப் பூவுக்குத்தான் கிளம்பப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வெயில் போதாதபோது இன்னொரு வழி இருக்கிறது: நடுக்கம். இறக்கைகளைச் சற்றே திறந்த நிலையில் வைத்து, பறக்காமல், மிகச் சிறிய அளவில் துடிக்க வைக்கும். பார்ப்பவர்கள் அதைக் குளிரில் நடுங்குவதாக நினைத்து இரக்கப்படுகிறார்கள். உண்மையில் அது தசைகளை இயக்கிச் சூடேற்றிக்கொள்ளும் முயற்சி. புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தம்.

ஒரு காலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிழலில் 17 டிகிரி, காற்று இல்லை, வானம் தெளிவு. மணி 9.10-க்கு ஒரு காய்ந்த குச்சியில் வெந்தய வரியன் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை விளிம்பில் பனித்துளிகள். ஆப்பிரிக்கா முதல் ஆசியா வரை பரவலாகக் காணப்படும் பட்டாம்பூச்சி இது. செம்மஞ்சள் இறக்கை, கறுப்பு முனை, அதில் வெள்ளைப் பட்டை. வெயில் குச்சியைத் தொட்ட பிறகும் பத்து நிமிடம் எந்த அசைவும் இல்லை. பிறகு ஒரு பக்க உணர்கொம்பு மட்டும் அசைந்தது. குச்சியின் மேற்புறத்துக்கு ஏறி வந்து, முதுகு சூரியனுக்கு நேராக வருமாறு இரண்டு முறை திருத்தி உட்கார்ந்து, இறக்கைகளை முழுவதுமாக விரித்தது. பின்னிறக்கையில் நான்கு கறுப்புப் புள்ளிகள் இருந்ததால் அது ஆண் என்று தெரிந்தது. பெண்ணுக்கு மூன்றுதான் இருக்கும். மணி 9.40 அளவில் கொஞ்சம் நடுக்கம், உடனே ஒரு குட்டைப் பறத்தல், ஓர் ஆள் நீளம்கூட இராது, மறுபடி வெயில். அதன் பிறகுதான் ஜினியாப் பூ. அங்கே அது உட்கார்ந்திருந்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் மேல். கோடையில் இதே இனம் இதே பூவில் எனக்குப் பத்து விநாடி கொடுத்தால் அதிகம்.

அந்த ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டியவை நிறைய. முதலில் கால்கள்: ஆறு கால் உள்ள பூச்சி நான்கு காலில்தான் நிற்கும். வரியன்கள், வசீகரன்கள் அடங்கிய பெருங்குடும்பத்தில் முன்னங்கால் இணை சுருங்கி மார்போடு ஒட்டிக்கிடக்கிறது. வெள்ளையன்களும், அழகிகள் எனப்படும் ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சிகளும் ஆறு காலிலும் நிற்கும். பாதங்களில் சுவையறியும் புலன்கள் இருப்பதால், பூவில் கால் பட்டு இனிப்பு தெரிந்தவுடனே சுருண்டிருந்த உறிஞ்சுகுழல் நீள்கிறது. அது நேரான குச்சியாக நீள்வதில்லை. நடுவில் முழங்கால்போல் ஒரு மடிப்பு விழுகிறது, அந்த மடிப்புக்குக் கீழே உள்ள பகுதிதான் இங்கும் அங்கும் தடவித் துளை தேடுகிறது. நுனியில் உள்ள நுண்ணிய இடுக்குகள் பஞ்சுபோல் தேனை ஈர்க்க, தலைக்குள் இருக்கும் தசைப்பம்பு அதை மேலே இழுக்கிறது.

ஜினியா, சாமந்தி, சூரியகாந்தி, தரையோடு படரும் வெட்டுக்காயப் பூண்டு ஆகியவற்றில் நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல சிறுபூக்களின் கூட்டம். ஜினியாவின் நடுக்கூம்பில் மஞ்சள் நட்சத்திரங்கள்போல் ஒரு வளையம் தெரியுமே, அன்றைக்குத் திறந்திருக்கும் சிறுபூக்கள் அவை. வெளிப்புறத்தில் தொடங்கி நாளுக்கு நாள் உள்நோக்கி நகரும் வளையம் அது. பட்டாம்பூச்சி அந்த வளையத்தை ஒட்டியே மெல்லச் சுற்றி நடந்து, ஒவ்வொரு நட்சத்திரத்திலும் குழலை ஒரு முறை இறக்கி எடுக்கும். எத்தனை முறை இறக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பூவில் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்றாக இருந்தாலும், குழல் இறங்கும் எண்ணிக்கை காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் வேறுபடும். தேன் நிறைய இருந்தால் ஒரே துளையில் நிற்கும். முன்பே யாரோ வந்து குடித்துவிட்டுப் போயிருந்தால் தொட்டுத் தொட்டு நகரும்.

இதே பாடத்தை உண்ணிச்செடி நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. பல வகை உண்ணிச்செடிகளில் அன்று விரிந்த சிறுபூ மஞ்சளாக இருந்து, பிறகு செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுகிறது. தேன் இருப்பது மஞ்சளில்தான். வெளிச்சுற்றில் பழைய சிவப்பும் நடுவில் புதிய மஞ்சளும் இருக்க, வந்து உட்காரும் பட்டாம்பூச்சி சிவப்பை மிதித்துக்கொண்டு மஞ்சளில் குழலை இறக்குவதை எவரும் பார்க்கலாம். அப்படியானால் தேனில்லாத சிவப்பைச் செடி ஏன் உதிர்க்காமல் வைத்திருக்கிறது? தொலைவிலிருந்து கொத்து பெரிதாகத் தெரிவதற்கு அது உதவுகிறது. அருகில் வந்த பிறகு எங்கே குடிக்க வேண்டும் என்பதை மஞ்சள் சொல்லிவிடுகிறது. மார்த்தா வைஸ் என்ற ஆய்வாளர் 1991-ல் நேச்சர் இதழில் இந்த நிறமாற்றத்தைப் பற்றி எழுதிய பிறகு, இது பல தாவரக் குடும்பங்களில் நடப்பது பரவலாகத் தெரிய வந்தது. ஆனாலும் உண்ணிச்செடியைப் பட்டாம்பூச்சிக்காக நட்டு வளர்க்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது பரவிய இடங்களில் மண்ணின் சொந்தச் செடிகள் படும் பாட்டைப் பார்த்தவர் எவரும் சொல்ல மாட்டார். வேலியோரம் ஏற்கனவே இருந்தால் அதன் முன் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவே.

பட்டாம்பூச்சியின் கண் நம் கண்ணைவிட நிறங்களில் செல்வம் மிக்கது. புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். தேனீக்குத் தெரியாத சிவப்பும் பல இனங்களுக்குத் தெரியும். நமக்கு நிறமறியும் ஒளியுணர் செல்கள் மூன்று வகை. ஆசியாவில் காணப்படும் கிராஃபியம் சார்பிடான் என்னும் பட்டாம்பூச்சியின் கண்ணில் பதினைந்து வகை இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். ஆனால் கண் மட்டும் போதாது, அனுபவமும் வேண்டும். அல்சிண்டா லூயிஸ் 1986-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில், முட்டைக்கோஸ் வெள்ளையன் ஒரு புதிய பூவில் தேன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முதலில் தடுமாறியது, அடுத்தடுத்த பூக்களில் வேகம் கூடியது. இன்னொரு வகைப் பூவைப் பழகிக்கொண்டபோது முதல் பூவில் இருந்த கைப்பழக்கம் குறைந்தது. எனவே உங்கள் தோட்டத்தில் ஒன்று ஜினியாவிலிருந்து ஜினியாவுக்கே தாவி, இடையில் இருக்கும் வேறு நல்ல பூவை ஏறெடுத்தும் பாராமல் போனால், அதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். புதிதாகக் கற்றுக்கொள்வதற்கு ஆகும் நேரத்தை அது மிச்சப்படுத்துகிறது. குறுகிய குளிர்காலப் பகலில் அந்த மிச்சம் சிறிதல்ல.

தேனின் கெட்டித்தன்மைக்கும் இதில் பங்கு உண்டு. மெல்லிய குழலால் உறிஞ்ச வேண்டியிருப்பதால் மிகக் கெட்டியான தேன் பட்டாம்பூச்சிக்கு உதவாது. 20 முதல் 40 சதவீதம் வரை சர்க்கரை உள்ள தேனே அதற்கு வசதி. சர்க்கரைக் கரைசல் குளிர்ந்தால் மேலும் பிசுபிசுப்பாகும். பனி விழுந்த காலையில் திறந்த பூக்களின் தேன் நீர்த்தும் போயிருக்கலாம். வெயில் ஏறிய பிறகே பூவும் பூச்சியும் ஒருவருக்கொருவர் ஆயத்தமாகின்றன என்று சொல்வது மிகையாகாது. கோடையில் நண்பகல் வெப்பத்துக்கு அஞ்சி அவை ஒதுங்குவதால் காலையும் பிற்பகலும் என வரத்து இரண்டாகப் பிரியும். மிதமான குளிர்காலத்தில் ஏறத்தாழ பத்து மணி முதல் இரண்டு மணி வரை ஒரே திரளாக அமையும்.

சில நாட்களில் ஒன்றுகூட வராததற்கு மேகமும் காற்றும் முதல் காரணம். சிறிய உடலில் சேர்த்த சூடு, வெயில் மறைந்த ஓரிரு நிமிடங்களிலேயே கரைந்துவிடும். ஒரு மேகம் சூரியனை மறைத்தவுடன் பறந்துகொண்டிருந்தவை அருகில் இருக்கும் இலையில் இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருவம் சிறுத்தவை சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் குளிர்கின்றன. பெரியவை கிளம்பத் தாமதம் செய்தாலும் மேகத்தைச் சற்றுத் தாங்குகின்றன. என் குறிப்புகளின்படி, மேகமூட்டமான 22 டிகிரி நாளைவிடப் பளிச்சென்ற 18 டிகிரி நாளே அதிகம் தந்திருக்கிறது. பிரிட்டனில் 1976 முதல் நடந்துவரும் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பின் விதிகளும் இதே அடிப்படையில் அமைந்தவை: வெப்பம் 13 டிகிரிக்குக் குறைந்தால் கணக்கெடுப்பு இல்லை, 13 முதல் 17 டிகிரி வரை என்றால் நடக்கும் பாதையில் குறைந்தது 60 சதவீதமாவது வெயில் வேண்டும், 17 டிகிரிக்கு மேல் மேகம் இருந்தாலும் எடுக்கலாம். வெப்பமண்டல இனங்களுக்கு 13 டிகிரி என்ற கீழ்வரம்பு பொருந்தாது, அவை இன்னும் சூடு கேட்பவை. ஆனால் குளிர் கூடக்கூட வெயிலின் மதிப்பு கூடும் என்ற விதி எங்கும் பொருந்தும்.

பூவில் உட்கார்ந்திருப்பதெல்லாம் தேன் குடிப்பது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உறிஞ்சுகுழல் சுருண்டே இருந்தால், பூ அதற்கு வெயில் காயும் மேடை மட்டுமே. குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். குழலைப் பார்க்காமல் குறிப்பெழுதினால் கணக்கு தப்பும். நீண்ட நேரம் அசையாமல், இறக்கை ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியபடி ஒன்று பூவில் இருந்தால், பூவின் அடியைக் குனிந்து பாருங்கள். பூவின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் நண்டுச் சிலந்தி அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். பட்டாம்பூச்சியின் பொறுமையை வியந்து நான் பல நிமிடம் படம் எடுத்த பிறகு சிலந்தியின் கால் தெரிந்த சம்பவம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு முதலில் அடிப்பக்கம் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

ஆண்கள் வருவது தேனுக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன் போன்றவையும் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய செடிகளில் பூ இல்லாத இடத்திலும், வாடிய தண்டிலும் காய்ந்த இலையிலும்கூட மொய்க்கும். அச்செடிகளில் உள்ள ஒருவகைக் கசப்பு ஆல்கலாய்டுகளைக் குழலால் உறிஞ்சி, பெண்ணை ஈர்க்கும் மணப்பொருளை அவை உடலில் உருவாக்கிக்கொள்கின்றன. பறவைகளுக்குப் பிடிக்காத சுவையும் அதனால் சேர்கிறது. ஈரமண்ணில் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சுபவையும் பெரும்பாலும் ஆண்களே. அங்கே அவை தேடுவது சோடியம். இனச்சேர்க்கையின்போது அதில் ஒரு பங்கு பெண்ணுக்குப் போய்ச் சேருகிறது.

இனி, குளிர்காலத்தில் பறப்பவை யார் என்ற கேள்வி. சில இனங்கள் முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ இந்தப் பருவத்தைக் கடத்திவிடும். வளர்ந்த பட்டாம்பூச்சியாகவே கடத்துபவைதான் உங்கள் பூக்களுக்கு வருகின்றன. அவற்றில் பல, முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பல மாதம் வாழ்பவை. வட அமெரிக்க மோனார்க் இதற்குப் பெயர்பெற்ற சான்று: கோடைத் தலைமுறைகள் சில வாரங்களே வாழ, குளிர்காலத் தலைமுறை எட்டு மாதம் வரை வாழ்ந்து, மெக்சிகோவில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயர மலைகளின் ஊசியிலை மரங்களில் கூட்டமாகத் தொங்குகிறது. 1975-ல்தான் அறிவியல் உலகுக்கு அந்த இடம் தெரிய வந்தது. தைவானின் தெற்கில் உள்ள மாவோலின் பள்ளத்தாக்கில் கருப்பன் வகைகள் இதேபோல் குளிர்காலத்தில் திரள்கின்றன. இங்கிலாந்து போன்ற நாடுகளில் குளிர்காலம் மிதமாகும்போது ரெட் அட்மிரல் பட்டாம்பூச்சி நடுக்குளிர்காலத்தின் வெயில் நாளிலும் பறக்கிறது. பார்ப்பவருக்கு அது மகிழ்ச்சி. தேனுள்ள பூ கிடைக்காவிட்டால் சேமித்த கொழுப்பைச் செலவழித்துவிட்ட பூச்சிக்கு அது நட்டம்.

பருவத்துக்கேற்ப உடையை மாற்றுபவையும் உண்டு. மயில் வசீகரனின் இறக்கையின் அடிப்புறத்தில் மழைக்காலத்தில் தெளிவான கண்புள்ளிகள் இருக்கும்; வறண்ட பருவத்தில் பிறப்பவற்றுக்கு அவை மறைந்து, இறக்கை விளிம்பும் கோணி, அப்படியே ஒரு காய்ந்த இலை ஆகிவிடும். ஆப்பிரிக்காவின் பைசைக்ளஸ் அனினானா என்ற பழுப்புப் பட்டாம்பூச்சியில் இதைச் சோதித்தபோது, புழுப்பருவத்தில் பட்ட வெப்பமே எந்த வடிவம் என்பதைத் தீர்மானிப்பது தெரிந்தது. ஆகவே குளிர்காலத்தில் புதிய இனம் ஒன்றைக் கண்டுவிட்டதாக எழுதும் முன், பழகிய இனத்தின் வறண்ட காலத்து வடிவமா என்று ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. இறக்கை விளிம்பு கிழிந்தும் செதில் உதிர்ந்தும் வருபவற்றை அலட்சியமாக ஒதுக்காதீர்கள். ஒரே கிழிசல் உள்ள ஒன்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்தால், அது அதே பூச்சிதான். ஓர் உயிரைத் தனியே அடையாளம் கண்டு தொடர்வதற்கு இதைவிட எளிய வாய்ப்பு கிடைக்காது.

பார்க்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பின்னால் துரத்தாதீர்கள், நல்ல பூக்கூட்டம் ஒன்றைத் தேர்ந்து, வெயில் உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க, உங்கள் நிழல் பூவில் விழாத இடத்தில் உட்காருங்கள். நிழல் விழுந்தால் வெயில் காயும் பூச்சி அந்தக் கணமே கிளம்பிவிடும். உட்கார்ந்த ஆளைவிட நிற்கும் ஆளுக்கு அவை அதிகம் அஞ்சுகின்றன, ஏனெனில் வானத்தின் பின்னணியில் அசையும் உருவம் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். நெருங்க வேண்டுமானால் அது குழலை நீட்டும் வரை காத்திருந்து, தாழ்வாக, மிக மெதுவாக நகர வேண்டும். இரண்டு மீட்டர் தொலைவில் குவியும் பைனாகுலர் கிடைத்தால் நெருங்க வேண்டிய அவசியமே இல்லை. குறிப்பேட்டில் மணி, வெப்பம், வெயிலா மேகமா, எந்தப் பூ, எந்தப் பட்டாம்பூச்சி, குழல் நீண்டதா, எத்தனை முறை இறங்கியது என்று எழுதினால் போதும். வராத நாளையும் எழுத வேண்டும். வந்த நாட்களை மட்டும் எழுதிய குறிப்பேடு காரணத்தைச் சொல்லாது. பெயர் தெரியாதவற்றின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவிட்டால் அடையாளம் காண உதவுவார்கள்.

செடி நடுவதாக இருந்தால், ஒற்றை இதழ் வகைகளையே நடுங்கள். அடுக்கடுக்காக இதழ் பெருத்த சாமந்தி நம் கண்ணுக்கு அழகு. பல அடுக்கு வகைகளில் தேன் தரும் சிறுபூக்கள் இதழாகவே மாறிப்போயிருக்கும், அல்லது குழல் எட்டாத ஆழத்தில் புதைந்திருக்கும். ஒரே வகையைக் கூட்டமாக, வெயில் நீடித்து விழும், காற்று அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் இந்தப் பதிலில் சொன்ன எதுவும் நடக்காது. புழு தின்னும் செடிகளான எருக்கு, எலுமிச்சை போன்றவை அருகில் இருந்தால், விருந்தாளிகளாக வந்தவற்றின் பிள்ளைகளையும் அடுத்த பருவத்தில் பார்க்கலாம்.

கடைசியாக, உங்கள் கையில் காலை அசைத்த அந்தப் பட்டாம்பூச்சி. பெரும்பாலும் அது முந்தைய மாலையில் அந்த இலையில் தங்கி, இரவுக் குளிரில் விறைத்துப்போன ஒன்றாகவே இருந்திருக்கும். அப்படிப்பட்டதைப் பறக்கட்டும் என்று மேலே தூக்கிப் போடக் கூடாது. மார்பு சூடாகாத நிலையில் அது கல்போல் கீழே விழும், தரையில் எறும்பு காத்திருக்கும். சூடான அறைக்குள் கொண்டுபோவதும் வேண்டாம். பூவும் வெயிலும் இல்லாத இடத்தில் விழித்துச் சேமிப்பை வீணாக்கும். சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை, அது இறக்கையிலும் காலிலும் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். இறக்கையை விரலால் பிடிக்காமல், ஒரு மெல்லிய குச்சியைக் காலடியில் கொண்டுபோங்கள். கால்கள் குச்சியைப் பற்றினால் உயிர் இருக்கிறது. பறக்க முடியாத குளிரிலும் பற்றவும் ஊர்ந்து ஏறவும் அதனால் முடியும். குச்சியோடு எடுத்து, வெயில் படும், எறும்பு ஏறாத ஒரு செடியில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை சுருங்கி ஈரமாகத் தொங்கினால் மட்டும் தொடவே வேண்டாம், அது கூட்டைவிட்டு அப்போதுதான் வெளிவந்தது. இறக்கை விரிந்து இறுகச் சில மணி நேரம் ஆகும். மற்றபடி, வெயில் பட்டபின் உணர்கொம்பு அசைகிறதா, நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். அன்று மாலை நான்கு மணிக்குமேல், காலையில் நீங்கள் அதை எடுத்த அதே இலையையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். தங்குவதற்குப் பழகிய இடத்துக்கே திரும்பி வரும் இனங்கள் சில உண்டு.